சொன்னதைத் திருப்பிச் சொல்பவர்கள்

1

நான் செஞ்சியை விட்டுக் கிளம்பிய நாளை மாசி அமாவாசையை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். மேல்மலையனூரில் மயானக் கொள்ளைத் திருவிழா முடிந்த மறுநாள் அது. ஸ்பெஷல் பஸ்கள் எல்லாம் கூட்டத்தைச் சுமந்துகொண்டு திரும்பிக்கொண்டிருந்தன. எங்கள் கார் கூட்டுரோட்டைத் தாண்டவே வெகுநேரம் பிடித்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலோரத்தில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருந்த ஒரு அம்மாள் என் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டார். "லண்டன்" என்றேன். பிளிமத் என்று சொல்லியிருந்தால் விளக்க வேண்டியிருக்கும். அந்த ஊரைப் பற்றி எனக்கே அப்போது விளக்கத் தெரியாது.

அமாவாசையைப் பிடித்துக்கொண்டதால் என் ஆண்டு நிறைவு வருடத்துக்கு வருடம் இடம் மாறும். ஒரு வருடம் பிப்ரவரியில் வரும், இன்னொரு வருடம் மார்ச்சில். "ஆனிவர்சரி எப்படிம்மா நகரும்?" என்று என் மகள் யாழினி கேட்பாள். பதினாறு வயது. அவளுக்கு நாள் என்றால் எண், எண் என்றால் அசையாது. என் நாட்குறிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு நாட்காட்டிகளின் தேதியையும் எழுதுவேன். அவளுடைய தோழிகளிடம் அதைக் காட்டி, "எங்கம்மா ரெண்டு டைம் ஸோன்ல வாழுறாங்க" என்று ஒருமுறை சொன்னாள். கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு அது சரியான விவரணையாகவே பட்டது.

இந்த ஆண்டு அந்த நாளுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை ஒரு சிறிய விஷயம் நடந்தது. அதிலிருந்துதான் இந்தக் குறிப்புகள் தொடங்குகின்றன.

பிளிமத் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் இருக்கும் கடற்படை ஊர். தெருவில் எதிரே வருபவர் கப்பலில் இருப்பவராக இருப்பார், இருந்தவராக இருப்பார், அல்லது அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டவராக இருப்பார். கடற்படையை விட்டு வெளியே வருபவர்களுக்குத் தொழிற்சாலை வேலை தேட உதவும் ஒரு சிறு குழு, சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் மாடியறையில் கூடும். நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பணிகளுக்குத் திட்டம் போடுபவள். டெக்னீஷியன் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணலிலும் உட்காருவேன். ஆகவே மாடியறையில் எனக்குக் கொடுத்த வேலை, நேர்காணல் எடுப்பவராக நடிப்பது. எனக்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அன்று என் எதிரே உட்கார்ந்தவர் கிரெய்க். இருபது ஆண்டுகளுக்கு மேல் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தவர். அவருடைய விண்ணப்பத்தைப் படித்தால் ஒன்றும் புரியவில்லை. எல்லாம் சுருக்கெழுத்துகள், பதவிப் பெயர்கள். நான் சொன்னேன்: "இந்த மூன்றாவது வரியை எடுத்துவிடுங்கள். ஜெனரேட்டர் பற்றி இருப்பதை மேலே கொண்டுவாருங்கள். முகவரியைக் கடைசியில் போடுங்கள்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தெளிவான குரலில் சொன்னார்: "மூன்றாவது வரியை எடுப்பது. ஜெனரேட்டர் மேலே. முகவரி கடைசியில்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வெளிநாட்டில் நீண்டகாலம் இருப்பவர்களுக்கு இது விளங்கும். நாம் ஆங்கிலத்தில் சொன்ன ஒன்றை அந்த ஊர்க்காரர் நம்மிடமே திருப்பிச் சொன்னால், மனம் முதலில் ஒன்றைத்தான் நினைக்கும்: என் உச்சரிப்பைக் கேலி செய்கிறார். ஆனால் கிரெய்க் சிரிக்கவில்லை. குனிந்து, சொன்ன மூன்றையும் சொன்ன வரிசையிலேயே செய்தார். ஒவ்வொன்றும் முடிந்ததும் "முடிந்தது" என்றார்.

2

அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, செஞ்சிக்கு வீடியோ அழைப்பு.

என் சித்தப்பா மகன் ஏழுமலை பதினைந்து ஆண்டுகள் இந்தியக் கடற்படையில் இருந்துவிட்டுக் கார்த்திகையில்தான் வீடு திரும்பியிருந்தான். அவனும் எஞ்சின் அறைக்காரன்தான். சுற்றிலும் பாறை மலைகள் நிற்கும் செஞ்சியில், கடலைப் பார்க்கவே பஸ் மாறிப் போகவேண்டிய ஊரில் பிறந்தவன், எப்படி அந்தப் பக்கம் போனான் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கேட்டால், "ஸ்கூல்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க அக்கா, போனேன்" என்பான். அவ்வளவுதான் வரலாறு.

அன்று போனை எடுத்தது அவன் மனைவி அமுதா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருப்பவள். எடுத்த எடுப்பிலேயே புகார்.

"அண்ணி, உங்க தம்பி என்னை நக்கல் பண்ணிக்கினு இருக்காரு. நீங்களே கேளுங்க."

"இன்னா பண்றான்?"

"கடைக்குப் போங்க, தேங்கா ஒண்ணு, தக்காளி அரைக் கிலோ, மாவு அரைக்கக் குடுத்தது வாங்கிட்டு வாங்கன்னு சொல்றேன். சரின்னு போவாம, வாசல்ல நின்னுக்கினு, 'தேங்கா ஒண்ணு, தக்காளி அரைக் கிலோ, அரைக்கக் குடுத்த மாவு'ன்னு சத்தமா சொல்றாரு. தெருவே பாக்குது. வந்த பிறகு, தேங்கா வாங்கியாச்சு, தக்காளி வாங்கியாச்சுன்னு மறுபடியும். நான் இன்னா கேப்டனா?"

பின்னாலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. "கேப்டன் இவ்ளோ சத்தம் போடமாட்டாரு அக்கா."

"பாத்தீங்களா!" என்றாள் அமுதா.

நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் முந்தின நாள் மாடியறை ஞாபகம் வந்தது. இரண்டு வேறு நாடுகள், இரண்டு வேறு கடற்படைகள். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேருக்கு ஒரே பழக்கம். அன்று இரவு நாட்குறிப்பில் இரண்டு சம்பவங்களையும் அருகருகே எழுதி வைத்தேன். காரணம் தெரியாத ஒன்று கையில் இருக்கும்போது எனக்கு அந்த வாரமே நன்றாகப் போகும்.

3

அடுத்த சனிக்கிழமை கிரெய்க்கிடமே கேட்டுவிட்டேன். "நான் சொன்னதை ஏன் திருப்பிச் சொன்னீர்கள்?"

"சொன்னேனா?" என்றார். அவருக்கே தெரியவில்லை.

பிறகு விளக்கினார். எஞ்சின் அறையில் இரைச்சல். காதை மூடியிருப்பார்கள். ஒருவர் ஒன்றைச் செய்யச் சொன்னால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். செய்து முடித்ததும் முடித்தேன் என்று சொல்ல வேண்டும். கப்பலை ஓட்டும் இடத்திலும் அப்படித்தான். முதல் வாரத்திலேயே பழக்கிவிடுவார்கள். அப்புறம் அது மூச்சு மாதிரி.

"கேட்டவருக்குச் சரியாகக் கேட்டதா என்று பார்க்கவா?" என்றேன்.

"பாதி அதற்கு. மீதிப் பாதி, சொன்னவருக்கு. தான் என்ன சொன்னோம் என்பதை அவர் தன் காதால் இன்னொரு தடவை கேட்கவேண்டும். மனிதர்கள் இடது என்று நினைத்துக்கொண்டு வலது என்று சொல்வார்கள்."

அந்த மீதிப் பாதி எனக்குப் புதிதாக இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்து பஸ் ஓட்டுநர்கள் யாரையும் "மை லவ்வர்" என்று அழைப்பார்கள். முதல் தடவை கேட்டபோது என் கணவர் டிக்கெட்டை வாங்காமலே விறைத்து நின்றது நினைவிருக்கிறது. இப்போது அவரும் சாதாரணமாகத் தலையாட்டுகிறார். ஒரு பழக்கத்துக்கு உள்ளே இருப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. வெளியே நிற்பவருக்குத்தான் அர்த்தம் தேவைப்படுகிறது.

அந்த வாரம் நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது. வீட்டு வரிக் கடிதத்தில் என் பெயரையும், இங்கே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும் என் ஊர்ப் பெயரையும் இடம் மாற்றி அச்சடித்திருந்தார்கள். நான் செஞ்சி என்ற பெயர்கொண்ட பெண்மணி ஆகியிருந்தேன். எதிர்முனையில் ஒரு பெண் மூன்று விவரங்கள் சொன்னார். நான் மூன்றையும் வரிசையாகத் திருப்பிச் சொன்னேன். போனை வைத்ததும் யாழினி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீ மறுபடியும் பண்ற."

"என்ன?"

"அவங்க சொல்றதை எல்லாம் ரிபீட் பண்றம்மா. எப்பவும். டாக்டர்கிட்ட, பாங்க்ல, என் டீச்சர்கிட்ட. எனக்கு எவ்வளவு எம்பாரசிங்கா இருக்கும் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நான் அப்படிச் செய்கிறேன் என்பதே தெரியாது. கிரெய்க்கைப் போலவே, "பண்றேனா?" என்றுதான் கேட்டேன். வந்த புதிதில் இந்த ஊர் ஆங்கிலம் பிடிபடாமல், பயத்தில் ஆரம்பித்த பழக்கமாக இருக்கவேண்டும். பயம் எப்போதோ போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது.

4

இதற்கிடையில் செஞ்சியில் ஏழுமலைக்கு வேலை கிடைத்தபாடில்லை.

ஊருக்கு அவன் 'மிலிட்டரி'. துப்பாக்கியைப் பயிற்சிக் காலத்தோடு மறந்தவன், பதினைந்து வருடமும் டீசல் வாசனையில் இருந்தவன் என்று எத்தனை தடவை சொன்னாலும் சரி, சலூன்காரரிலிருந்து எல்லோருக்கும் மிலிட்டரி. மிலிட்டரி என்றால் வாசலில் நிற்கும் வேலை. நகைக்கடைக்காரர் ஒருவர் கேட்டார், ஒரு பள்ளிக்கூடம் கேட்டது, ஒரு கல்யாண மண்டபம் கேட்டது. எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். கணினியும் அதையேதான் சொன்னது. வேலைக்கு விண்ணப்பிக்கும் பக்கம் ஒன்றில், 'முன்னாள் படைவீரர்' என்று தேர்ந்தெடுத்தால் அடுத்த கட்டத்தில் 'பாதுகாப்பு' என்ற ஒன்று மட்டும்தான் திறந்தது. நான் இங்கிருந்து திறந்து பார்த்தேன். எனக்கும் அதேதான் திறந்தது.

"தப்பு இல்லியே அண்ணி," என்றாள் அமுதா. "ஃபேனு போட்டுக்கினு உக்காந்திருக்கலாம். இவ்ளோ நாளு எஞ்சினுக்குள்ள வெந்தது போதாதா?"

ஏழுமலை அவள் உள்ளே போன பிறகு சொன்னான். "உக்காருறதுக்கு ஒண்ணும் இல்ல அக்கா. ஆனா கேட்ல ஒரு வருசம் நின்னேன்னு வெச்சிக்க, அடுத்த கம்பெனிக்காரன் அந்த ஒரு வருசத்தைத்தான் பாப்பான். மெஷின் பக்கம் திரும்ப உடவே மாட்டான். எனக்கு முப்பத்தஞ்சுதான் ஆவுது."

வைகாசியில் ஒரு கதவு திறந்தது. திண்டிவனம் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு உணவுப்பொருள் தொழிற்சாலை. அங்கே ஜெனரேட்டர், கம்ப்ரசர், பாய்லர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு யுடிலிட்டி என்று பெயர். அதற்கு ஆள் வேண்டியிருந்தது. எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தான். பிறகு ஒரு நாள் கூடவே நிற்க வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளில்தான் போனது.

பிரிவின் சூப்பர்வைசர் காதர் பாய். செஞ்சிக்காரர்தான், கம்பெனி பஸ்ஸில் தினமும் போய்வருபவர். அவர், "அந்தக் கம்ப்ரசர் டிரெயின் வால்வைத் திற" என்று, தேங்கிய தண்ணீரை வெளியேற்றும் வால்வைக் காட்டியிருக்கிறார். இவன் நிமிர்ந்து நின்று, "கம்ப்ரசர் டிரெயின் வால்வைத் திறக்குறேன் சார்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறான். திறந்துவிட்டு, "திறந்தாச்சு சார்." சுற்றியிருந்த பையன்கள் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் அவனுக்கு எக்கோ அண்ணன் என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் வேண்டுமென்றே, "எக்கோண்ணே, டீ ரெண்டு" என்றிருக்கிறான். இவன் வாய் பழக்கதோஷத்தில், "டீ ரெண்டு" என்றுவிட்டது. சாப்பாட்டு அறையே விழுந்து சிரித்ததாம். சாயங்காலம் காதர் பாய் அலுவலகத்தில் போய், இந்த ஆளு என்னை வெச்சி காமெடி பண்றாரு, எனக்கு வேணாம் என்று சொல்லிவிட்டார்.

அலுவலகத்திலிருந்து போன் வந்தது. யுடிலிட்டிக்கு முடியாது, ஆனால் செக்யூரிட்டியில் மேற்பார்வையாளர் இடம் இருக்கிறது, ஆடி முடிவதற்குள் சரியென்று சொன்னால் ஆவணியில் சேரலாம். உங்களை மாதிரி மிலிட்டரி ஆட்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

நான் கிரெய்க்கிடம் போய்க் கேட்டேன். அவருக்கு அதற்குள் ஒரு பேப்பர் ஆலையில் வேலை கிடைத்திருந்தது. "முதல் நாளே மேலாளரிடம் சொல்லிவிட்டேன்," என்றார். "நீங்கள் சொல்வதை நான் திருப்பிச் சொல்வேன். நீங்கள் தவறாகச் சொல்லியிருந்தால் உங்களுக்கே தெரிய அது உதவும் என்று."

இதை அப்படியே ஏழுமலையிடம் சொன்னேன்.

"அதெல்லாம் அங்க சொல்லலாம் அக்கா. இங்க போயி சூப்பர்வைசர்கிட்ட, பாய், நீங்க தப்பா சொல்லுவீங்க, அதனால நான் திருப்பிச் சொல்றேன்னு சொன்னா, கேட் வேலையும் கிடையாது."

அவன் சொன்னது சரி. பழக்கத்தை விட்டுவிட முயன்றும் பார்த்தானாம். வாயை மூடிக்கொண்டு வேலை செய்தால் கை நின்றுவிடுகிறது. வீட்டில் மோட்டார் சுவிட்ச் போடும்போதுகூட ஒரு நொடி தயங்கி நிற்கிறான் என்றாள் அமுதா. "டென்ஷனா இருக்குது அண்ணி, அவரைப் பாத்தா. அந்தக் கத்தலே பரவால்ல."

5

ஆடியில் யாழினியோடு செஞ்சிக்குப் போனேன். இங்கே பள்ளி விடுமுறை விடும் நேரம் அதுதான். எங்கள் பயணம் ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளும். யாழினிக்கு ஊரில் பிடித்தது கோட்டைக்கு நடுவே பஸ் போகும் அந்தத் திருவண்ணாமலைச் சாலை மட்டும். மற்ற நேரமெல்லாம் சித்தப்பாவின் வீட்டு சோபாவில் போனோடு. சித்தப்பாவை ஏழுமலை நைனா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அது அவருடைய பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாளாம், இத்தனை வருடமும்.

ஆடி முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. காதர் பாயைப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது ஏழுமலை ஒப்புக்கொள்ளவில்லை. அமுதாதான் முடிவெடுத்தாள். கேட் வேலைக்குப் பரிந்து பேசியவள் அவள்தான் என்பதால் எனக்கு ஆச்சரியம். "கடைசியா ஒருவாட்டி கேட்டுட்டு வாங்க. கேக்காம கேட்ல போயி நின்னாருன்னா என் உயிரை வாங்குவாரு" என்றாள்.

கம்பெனி பஸ் சாயங்காலம் கூட்டுரோட்டில் ஆளை இறக்கிவிடும். எதிரே ஒரு பேக்கரி. அங்கே போய் உட்கார்ந்தோம். நான், ஏழுமலை, பப்ஸுக்காக வந்த யாழினி. காதர் பாய் இறங்கியதும் ஏழுமலை போய் அழைத்துவந்தான். ஐம்பது வயதிருக்கும். கையில் சாப்பாட்டுப் பை. என்னைப் பார்த்து, "வாம்மா, நீதான் லண்டன் தங்கச்சியா?" என்றார். நான் பிளிமத் என்று திருத்தவில்லை.

டீ வந்தது. அவரே ஆரம்பித்தார்.

"ஆளு நல்ல ஆளும்மா. கை சுத்தம். அதெல்லாம் நான் குறை சொல்லல. ஆனா நான் ஒண்ணு சொன்னா அதையே எனக்குத் திருப்பிச் சொல்றாரு. ஒருவாட்டி இல்ல, நாளு பூரா. பசங்க எல்லாம் பல்லைக் காட்டிக்கினு நிக்கிறானுங்க. இத்தினி வருசம் கட்டிக் காப்பாத்தின மரியாதை ஒரே நாளுல போச்சு. நீயே சொல்லு, நான் இன்னா பண்றது?"

"நக்கல் இல்ல பாய்," என்றான் ஏழுமலை. "கப்பல்ல அப்படித்தான்."

"கப்பல்ல இன்னாத்துக்கு அப்படி?"

கேள்வியில் கோபம் குறைந்து, கொஞ்சம் ஆவல் கலந்திருந்தது. ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

"அங்க சத்தம் ஜாஸ்தி பாய். நான் கேட்டது சரிதானான்னு நீங்க தெரிஞ்சிக்கணும். அப்புறம்..." நிறுத்தினான். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். "அப்புறம், நீங்க நினைச்சதும் உங்க வாயில வந்ததும் ஒண்ணுதானான்னு நீங்க பாத்துக்கறதுக்கு."

காதர் பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப, என் வாய் மேல சந்தேகம்?"

போயிற்று என்று நினைத்தேன்.

"என் வாய் மேலயும்தான் பாய். நான் ஒண்ணு சொன்னா நீங்க திருப்பிச் சொல்லணும். அங்க ஆபீசர்கூட நாங்க சொல்றதைத் திருப்பிச் சொல்லுவாரு."

"நானா? உனக்கா?"

வெளியே ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அப்போது யாழினி, வாயில் பப்ஸோடு, தன் உடைந்த தமிழில் சொன்னாள். "அங்கிள், அம்மாவும் இப்படித்தான். அங்க யாரு என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்லுவாங்க. நான் ஷேம் ஆயிடுவேன்."

காதர் பாய் என் பக்கம் திரும்பினார். "நீயுமா? நீ எந்தக் கப்பலு?"

ஏழுமலையே சிரித்துவிட்டான். நான் நகராட்சி அலுவலகக் கதையைச் சொன்னேன். என் பெயரும் ஊர்ப் பெயரும் இடம் மாறியதை, அந்தப் பெண் சொன்ன மூன்றையும் நான் ஒப்பித்ததை, ஒப்பிக்கும்போது அவரே நடுவில், "இல்லை இல்லை, இரண்டாவதை நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன்" என்று திருத்தியதை. அந்தக் கடைசி விஷயத்தை நான் அதுவரை பெரிதாக எண்ணியிருக்கவில்லை. சொல்லிக்கொண்டு வரும்போதுதான் அது அங்கே இருப்பது தெரிந்தது.

காதர் பாய் தாடையைத் தடவிக்கொண்டார்.

"எங்க சித்தப்பா கல்யாண பிரியாணி போடுவாரும்மா," என்றார். "சின்னதுல நான் கூடப் போவேன். பெரிய அண்டா, சுத்தி நாலு பேரு நிப்பானுங்க. அவரு உப்புன்னு கத்துவாரு. யாரு போடறானோ அவன் 'உப்பு போடுறேன்'னு திருப்பிக் கத்தணும். போட்ட பிறகு 'உப்பு போட்டாச்சு.' கத்தாம போட்டான்னா கரண்டியாலயே ஒண்ணு உழும். ஏன்னு கேட்டதில்ல நான்."

"ஏன்?" என்றாள் யாழினி.

"இல்லேன்னா ரெண்டு பேரு போட்டுருவான் பாப்பா. இல்ல, ஒருத்தனுமே போடமாட்டான். ஊரே வந்து சாப்பிட உக்காந்திருக்கும்." ஏழுமலையைப் பார்த்தார். "இதான் அதுவா?"

"இதான் பாய் அது."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? கப்பலு, ஆபீசருன்னு பேசிக்கினு. பிரியாணி மாதிரின்னா தீந்துபோச்சு." எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "ஒரு வாரம் வா. ஆபீஸ்ல நான் சொல்றேன். அந்தப் பசங்க சிரிச்சானுங்கன்னா அது என் பாடு. ஆனா கொஞ்சம் மெதுவா கத்து."

"மெதுவா கத்துறேன் பாய்," என்றான் ஏழுமலை.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். காதர் பாய் ஒரு கணம் அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சாலையைக் கடந்து போனார்.

6

ஆவணி பிறந்தபோது நாங்கள் பிளிமத்துக்குத் திரும்பிவிட்டோம். அந்த ஒரு வாரத்தைப் பற்றிய செய்திகள் எனக்கு போனில் துண்டு துண்டாக வந்தன. முதல் நாள் பையன்கள் சிரித்தார்கள். மறுநாளும் சிரித்தார்கள், கொஞ்சம் சலிப்போடு. அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு யாரோ கிடைத்துவிட்டார்கள். ஒருநாள் காதர் பாய், "ரெண்டாவது கம்ப்ரசரை நிறுத்து" என்றாராம். "ரெண்டாவது கம்ப்ரசரை நிறுத்துறேன் பாய்." "ஏய், மூணு, மூணு." "மூணாவது கம்ப்ரசரை நிறுத்துறேன் பாய்." இதை ஏழுமலை ஒரு செய்தியாகக்கூடச் சொல்லவில்லை. அன்று வேலை எப்படி என்று கேட்டதற்கு, போகிற போக்கில் சொன்னான். நான்தான் நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

வாரம் முடிந்ததும் யுடிலிட்டியில் எடுத்துக்கொண்டார்கள். கேட் வேலைக்கு யாரோ ஒரு நிஜ மிலிட்டரிக்காரர் வந்தாராம். நல்ல மனிதர், தினமும் எனக்கு சல்யூட் வைக்கிறார், கூச்சமாக இருக்கிறது என்றான் ஏழுமலை.

மாடியறையில் இந்தக் கதையைச் சொன்னேன். பிரியாணி அண்டாவை விளக்குவதற்கே பாதிக் காலை போய்விட்டது. ஆனால் அதன் பிறகு ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறோம். கப்பலிலிருந்து வருபவர்களிடம், இந்தப் பழக்கத்தை விடுங்கள் என்றோ, மேலாளருக்கு விளக்குங்கள் என்றோ முதலிலேயே சொல்வதில்லை. நீங்கள் போகிற இடத்தில் ஏற்கெனவே இதைச் செய்பவர்கள் யார் என்று முதலில் பாருங்கள் என்கிறோம். மருத்துவமனையில் இருக்கிறார்கள், கிரேன் ஓட்டும் இடத்தில் இருக்கிறார்கள், ஹோட்டல் சமையலறையில் இருக்கிறார்கள். எங்கேயும் யாராவது இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது தெரிவதில்லை.

யாழினி என்னிடம் அந்தக் குறையை இப்போது சொல்வதில்லை. விட்டுவிட்டாளா, நான் விட்டுவிட்டேனா என்று தெரியவில்லை. கவனித்து எழுத வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசி அடைமழையில், ஏழுமலை பேசினான். குரல் கட்டிப்போயிருந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"சளி அக்கா. மூணு நாளா குரலே இல்ல. அமுதாவுக்கு ஒரே குஷி." இருமினான். "நேத்து பாய் வந்து, பாய்லர் பக்கத்து பைப் லைனை மாத்துன்னு சொன்னாரு. நான் தலையை ஆட்டிட்டு வால்வுகிட்ட போனேன். திரும்பிப் பாத்தா அவரு போவல. அங்கயே நின்னுக்கினு இருக்காரு. மெஷினைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. எனக்கும் ஒண்ணும் புரியல. கிட்ட போயி, இன்னா பாய்னு சைகையில கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'நீ இன்னும் சொல்லலியேப்பா'ன்னாரு."

"அப்புறம்?"

"எனக்குத்தான் குரலு இல்லியே. தொண்டையைக் காட்டினேன். அவரு ஒரு நிமிசம் யோசிச்சாரு. அப்புறம் அவரே சத்தமா, 'பாய்லர் லைனை மாத்துறேன் பாய்'னு சொல்லிட்டு, என்னைப் பாத்து தலையை ஆட்டிட்டுப் போனாரு அக்கா."